1931 தேர்தலை வகுப்பறையில் நடத்திப் பார்த்தோம்: மலையகத்திலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியை

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப்புறப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் டொனமூர் தலைமையில் வந்த ஆணைக்குழு தந்த டொனமூர் அரசியலமைப்பு என்றால் கசப்பு. ஆணைக்குழு 1927இல் வந்தது, 1928இல் அறிக்கை கொடுத்தது, 1931 ஜூனில் தேர்தல், 61 பேர் கொண்ட அரசாங்க சபை, ஏழு நிர்வாகக் குழுக்கள், 21 வயது வந்த ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குரிமை, ஆசியாவிலேயே முதல் தடவை. இதை அப்படியே ஒப்புவித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் என் வகுப்பில் பாதிக்கு மேல் லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்பவர்கள். அவர்களுடைய பூட்டனைப் பெற்றவர்கள்தான் 1931இல் வாக்களிக்கும் வயதில் இருந்தவர்கள். அந்த மனிதர்களுக்கு வாக்கு இருந்ததா என்று கேட்டால் மேலே சொன்ன வரிகளை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. அதனால்தான் பாடத்தை வாசிப்பதை நிறுத்திவிட்டு, தேர்தலையே வகுப்பில் நடத்துவது என்று முடிவெடுத்தேன். சில வருடங்களாகச் செய்துவருகிறோம். வேறு ஆசிரியர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேர்தல் நாடகம் என்றால் எல்லாரும் நேரே மேடைப்பேச்சுக்கும் வாக்குப்பெட்டிக்கும் போய்விடுவார்கள். அப்படிப் போகாதீர்கள். வாக்காளர் இடாப்பிலிருந்து, அதாவது வாக்காளர் பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். 1931ஐப் பொறுத்தவரை உண்மையான சண்டை பெட்டியருகே நடக்கவில்லை, இடாப்பில் யார் பெயர் ஏறும் என்பதில்தான் நடந்தது.

நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள்: வயது, ஆணா பெண்ணா, தொழில், மாத வருமானம், எழுத வாசிக்கத் தெரியுமா, எங்கே பிறந்தவர், எத்தனை வருடமாக இலங்கையில் இருக்கிறார். காலி வழக்கறிஞர், பருத்தித்துறை மீனவர், மட்டக்களப்பில் வயல் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண், கொழும்புத் துறைமுகத் தொழிலாளி, கண்டிப் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள விவசாயி, கொழுந்து பறிக்கும் பெண், கங்காணி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, கைக்குழந்தைகள்கூட. குழந்தைகளைக் கட்டாயம் சேருங்கள், அதற்குக் காரணம் பின்னால் வரும்.

முதல் சுற்று 1924. அப்போது அன்றைய சட்டமன்றமான சட்டநிரூபண சபைக்கு வாக்களிக்க ஆணாக இருக்க வேண்டும், 21 வயது வந்திருக்க வேண்டும், ஆங்கிலமோ சிங்களமோ தமிழோ எழுத வாசிக்கத் தெரிய வேண்டும், அதோடு சொத்து இருக்க வேண்டும் அல்லது வருடத்துக்கு 600 ரூபாய் வருமானம் இருக்க வேண்டும். "இந்தத் தகுதி இல்லாதவர்கள் உட்காருங்கள்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவேன். பெண்பிள்ளைகள் எல்லாரும் முதல் கேள்வியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் நிற்பது ஒருவர், மிஞ்சினால் இருவர். அன்றைய சனத்தொகையில் சுமார் 4 சதவீதம் பேருக்குத்தான் வாக்கு இருந்தது, நாற்பது பேர் வகுப்பில் அது ஒன்றரை ஆள். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவதைவிட முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இரண்டு பையன்கள் மட்டும் கூச்சத்தோடு நிற்பதைப் பார்ப்பது வேறு விஷயம்.

அந்த 600 ரூபாயைச் சும்மா விட்டுவிடாமல் ஒரு கணக்குப் போட வைப்பேன். 1927ஆம் வருடச் சட்டத்தின்படி 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். மாதத்தில் 26 நாளும் பேர் விழுந்தது, அதாவது வேலை செய்ததாகப் பதிவானது என்றே வைத்துக்கொள்வோம். ஆணுக்கு 14 ரூபாய் 4 சதம், பெண்ணுக்கு 11 ரூபாய் 18 சதம். 600 ரூபாய் வருட வருமானம் என்றால் மாதம் 50 ரூபாய். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் பிள்ளையும் சேர்ந்து உழைத்தாலும் அந்தக் கோட்டைத் தொட முடியாது. பிள்ளைகள் தாங்களாகவே பெருக்கிப் பார்த்து வருகிற விடை இது. இந்த விடையைக் கையில் வைத்திருங்கள், அடுத்த சுற்றில் இது மறுபடி தேவைப்படும்.

இரண்டாவது சுற்று 1931. படிப்பும் வேண்டாம், சொத்தும் வேண்டாம், பெண்ணும் வாக்களிக்கலாம். ஆணைக்குழு முதலில் பெண்களுக்கு 30 வயது என்றுதான் சிபாரிசு செய்தது, பிறகு 21 ஆக்கினார்கள். இங்கிலாந்திலேயே பெண்களுக்கு 21 வயதில் வாக்கு வந்தது 1928இல்தான் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 2 லட்சத்துச் சொச்சமாக இருந்த வாக்காளர் தொகை 15 லட்சத்தைத் தாண்டியது. வகுப்பில் பதினொன்று, பன்னிரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். "எல்லாருக்கும் வாக்கு என்றீர்களே, மிச்சப் பேர் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் டீச்சர்?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். குழந்தைகளின் அட்டை இங்கேதான் உதவும். 21 வயதுக்குக் குறைந்தவர்கள்தான் அன்றைய நாட்டில் பாதிப் பேர். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் வாயால் சொல்வதில்லை, பதிவு மேசைக்கு அனுப்பிவிடுவேன்.

பதிவு மேசை என்பது ஒரு மேசை, ஒரு கொப்பி, ஒரு பையன். அவன் கையில் விதிகள் எழுதிய தாள். இலங்கையையே நிலையான வதிவிடமாகக் கொண்டவர் என்று கொள்ளத்தக்கவர்களை அவன் கேள்வியில்லாமல் பதிய வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தவர்களிடம் மட்டும் மேலும் கேட்க வேண்டும். ஐந்து வருடம் இங்கே வசித்திருக்கிறாயா? நிரந்தரமாக இங்கேயே இருக்கப் போகிறாயா? அல்லது பழையபடி படிப்பும் வருமானமும் காட்ட முடியுமா? (1931இல் ஒவ்வொரு தொழிலாளியையும் மேசைக்கு அழைத்து இப்படிக் கேட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. விதி என்ன எதிர்பார்த்ததோ அதை ஒரு பையனின் வாயில் போட்டேன், அவ்வளவுதான். இதைப் பிள்ளைகளிடமும் தெளிவாகச் சொல்லிவிடுவேன்.)

ஒரு வருடம் கொழுந்து பறிக்கும் பெண்ணின் அட்டை பின்வரிசையில் இருக்கும் ஒரு அமைதியான பிள்ளைக்குப் போனது. வயது 26, பத்து வயதில் திருச்சிப் பக்கத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவள், எழுதப் படிக்கத் தெரியாது. மேசையில் இருந்த பையன் கேட்டான், "அஞ்சு வருஷமா இங்க இருக்கியா?" "பதினாறு வருஷமா இருக்கேன்." "எழுத்துல காட்டு." பிள்ளை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு சொன்னது, "எம்பேரு செக்ரோல்ல இருக்கு." "செக்ரோல் யாருகிட்ட?" "ஆபீசுல." செக்ரோல் என்றால் தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு. அதாவது அவள் இந்த நாட்டில் வாழ்ந்ததற்கான எழுத்துச் சாட்சி அவள் கையில் இல்லை, தோட்டத்து அலுவலகத்தில் துரையின் பொறுப்பில் இருக்கிறது. அந்த இடத்தில் நான் எதுவும் பேசவில்லை. சரி என்று அவன் அடுத்த கேள்விக்குப் போனான். "எப்பவும் இங்கயே இருக்கப் போறியா?" அட்டையில் இதற்கு விடை கிடையாது, வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருந்தேன். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா ஊருக்குப் போகணும் போகணும்னுதான் சொல்லிட்டு இருக்காங்க" என்றது. பையன் கொப்பியில் 'இல்லை' என்று எழுதிவிட்டான்.

வகுப்பு கொதித்துவிட்டது. அம்மா சொன்னதை வைத்து மகளுக்கு எப்படி இல்லை என்று எழுதலாம்? ஊர் நினைப்பு இருந்தால் இங்கே இருக்கமாட்டாள் என்று அர்த்தமா? கொழும்பில் இருக்கும் வெள்ளைக்காரத் துரையும் ஒருநாள் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகிறவர்தானே? அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவன் படிப்பில் சுமாரான பையன். ஒரு பாடவேளை முழுக்க இதிலேயே போனது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்து வந்த கணக்கப்பிள்ளை, தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்தவர், சம்பளம் கூட, விறுவிறுவென்று பதிந்துவிட்டுப் போனார். முதல் சுற்றில் போட்ட 50 ரூபாய்க் கணக்கு அப்போது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

இதற்குப் பிறகு எண்களைச் சொன்னால் காதில் ஏறும். 1931இல் இலங்கையில் இருந்த இந்தியத் தமிழர் சுமார் 8 லட்சம். அவர்களில் அந்தத் தேர்தலுக்குப் பதிவானவர்கள் சுமார் 1 லட்சம். நாடு முழுவதற்கும் பத்துப் பேரில் மூன்று பேர் அளவுக்கு வாக்காளர், நம் ஆட்களில் எட்டுப் பேருக்கு ஒருவர். நிரந்தரமாகக் குடியிருப்பதற்கான சான்றிதழ் என்று ஒரு வழியும் வைத்திருந்தார்கள். ஆனால் அதை எடுத்தால் இந்தியர் என்ற முறையில் இருந்த தனிப் பாதுகாப்புகளை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தர வேண்டியிருந்தது. கூலிச் சட்டமே இந்தியத் தொழிலாளர் என்ற பெயரில்தான் இருந்த காலம் அது. யார் துணிந்து எடுப்பார்கள்?

ஆனாலும் இந்தப் பாடத்தை நம்மை மட்டும் வைத்து நடத்தக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கண்டிக் கிராமத்து விவசாயியின் அட்டை வைத்திருக்கும் பிள்ளையை எழுந்து பேசச் சொல்வேன். தன் ஊரைச் சுற்றியிருந்த காடும் மேட்டு நிலமும் தேயிலைக்குப் போய்விட்டன, தோட்டத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வாக்கு வந்தால் தன் தொகுதியில் தன் குரல் எடுபடாது என்ற பயம் அவருக்கு இருந்தது. நிலத்தை எடுத்தது கொழுந்து பறித்தவள் இல்லை. ஆனால் அந்தப் பயம் பொய்யும் இல்லை. அந்தப் பயத்தைச் சிங்களத் தலைவர்கள் கையில் எடுத்தார்கள், ஆளுநர் ஹெர்பர்ட் ஸ்டான்லி அதற்கு இணங்கி விதிகளை இறுக்கினார், அப்படியும் 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபையில் டொனமூர் திட்டம் 19க்கு 17 என்ற கணக்கில்தான் தப்பிப் பிழைத்தது. இரண்டே வாக்கு. சிறுபான்மைப் பிரதிநிதிகளில் பெரும்பாலானோர் எதிர்த்தே வாக்களித்தார்கள், இனவாரிப் பிரதிநிதித்துவம் போகிறதே என்பது அவர்களுடைய கவலை.

இங்கே இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சர்வசன வாக்குரிமை வேண்டாம் என்று எதிர்த்தவர்களில் நம் பெரியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். 1911இல் படித்த இலங்கையருக்கென்று ஒதுக்கிய ஒரே ஆசனத்தில் வென்றவர், 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியவர், பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர். அதே மனிதர் படிப்பில்லாதவர்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் வாக்குப் போவதை ஏற்கவில்லை, லண்டன் வரை முறையிட்டார். தேர்தல் வருவதற்கு முன் 1930 நவம்பரில் காலமானார். பிள்ளைகளுக்கு இது குழப்பமாக இருக்கும், நல்லவரா கெட்டவரா என்று கேட்பார்கள். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. அவருடைய அட்டையை ஒரு பிள்ளையிடமும் பருத்தித்துறை மீனவரின் அட்டையை இன்னொரு பிள்ளையிடமும் கொடுத்து எதிரெதிரே உட்காரவைத்துவிடுவேன். ஆணைக்குழு முன்னால் எல்லாருக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டது ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்கட்சிக்காரர்கள்தான், படித்த கனவான்கள் அல்ல. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் கேட்டபோது, நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்று அந்த அம்மா சொன்னதாகப் பதிவு இருக்கிறது. இந்த வரியை வகுப்பில் சொல்லும்போது பெண்பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

அப்புறம் பெட்டிகள். எழுதப் படிக்கத் தெரியாத லட்சக்கணக்கானவர்கள் முதன்முதலாக வாக்களிக்க வருகிறார்கள், பெயரை வாசித்துப் புள்ளடி (X அடையாளம்) போடச் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. உங்களுக்குப் பிடித்தவரின் பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். எங்களுக்கு பிஸ்கட் அட்டைப்பெட்டிகளும் மறைப்புக்கு ஒரு பழைய சேலையும் போதுமாக இருந்தன. நிறம் தெரிவு செய்யும்போது கவனம் வேண்டும். பச்சை, நீலம், சிவப்பு மூன்றையும் வைக்காதீர்கள். பிள்ளைகள் இன்றைய கட்சிகளை நினைத்துக்கொண்டு போடுவார்கள், வீட்டில் அப்பா எந்தக் கட்சியோ அந்தப் பெட்டி நிரம்பும், 1931 காணாமல் போய்விடும். ஊதா, மண்ணிறம், வெள்ளை, கறுப்பு வைத்தால் பிரச்சினை இல்லை.

இந்த நிறப்பெட்டி முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு பையன் செய்துகாட்டினான். சேலைக்குப் பின்னால் போனவன் சீட்டை எந்தப் பெட்டியிலும் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். சீட்டில் அடையாளம் எதுவும் போடத் தேவையில்லை அல்லவா, அதை அடுத்து உள்ளே போகும் நண்பனிடம் கொடுத்து இரண்டாகப் போடச் சொல்லலாம், விற்கவும் விற்கலாம். எண்ணிப் பார்த்தபோது ஒரு பெட்டியில் ஒரே மடிப்பாக நாலு சீட்டு சேர்ந்து கிடந்தது. திட்டுவதற்குப் பதில் அவனையே கூப்பிட்டு, இதைத் தடுக்க நீ தேர்தல் அதிகாரியாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். எல்லாப் பெயரும் ஒரே தாளில் இருக்க வேண்டும், புள்ளடி போட வேண்டும், படிக்கத் தெரியாதவர்களுக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு படம் போடலாம் என்றான். இன்றைக்கு நம் வாக்குச்சீட்டில் சின்னங்கள் இருப்பதன் காரணத்தை அவனே கண்டுபிடித்துவிட்டான்.

வாக்களிப்பு 1931 ஜூன் 13 முதல் 20 வரை நடந்தது. தெரிவு செய்ய வேண்டிய ஆசனங்கள் 50. ஒன்பதில் போட்டியே இல்லை, நான்கில் தேர்தலே இல்லை. அந்த நான்கும் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது, வேட்புமனு நாளில் யாரும் மனுக் கொடுக்கவில்லை. என் வகுப்பில் ஆக அதிகமாகச் சத்தம் வருவது இங்கேதான். "நம்ம ஆளுக்கு மேசையில இல்லைன்னு எழுதினாங்க, அவங்களுக்கு வாக்கு இருந்தும் வேணாம்னுட்டாங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது அதில் கோபம் இருந்தது.

அந்தக் கோபத்துக்கு இடம் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தையும் சொல்வேன். வாலிபர் காங்கிரசை நடத்திய ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் பதவிக்கு ஆசைப்பட்டு விலகியவர்கள் அல்ல. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள், சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அந்த ஊரிலேயே நின்று சொன்னவர்கள், முழுச் சுயராச்சியம் தராத எந்த அரசியலமைப்பும் வேண்டாம் என்பது அவர்கள் வாதம். டொனமூர் திட்டத்தில் நிதியும் சட்டமும் வெளிவிவகாரமும் மூன்று வெள்ளைக்கார அதிகாரிகள் கையில்தான் இருந்தன, ஆளுநருக்குத் தடுக்கும் அதிகாரமும் இருந்தது. ஆகவே வாதத்தில் நியாயம் உண்டு. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கொடுத்த விலை அதிகம். தெற்கில் மற்றவர்களும் பகிஷ்கரிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு நடக்கவில்லை. அந்த நான்கு ஆசனங்களும் 1934 இடைத்தேர்தல் வரை வெறுமையாகக் கிடந்தன, முதலாவது அமைச்சர் சபை அமைந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து கேட்க ஆள் இல்லை. அதைவிட எனக்கு உறுத்துவது, வாழ்க்கையில் முதன்முதலாக வாக்கு வந்த அந்த மீனவரும் கூலிக்காரரும் அதைப் போட்டுப் பார்க்க இன்னும் மூன்று வருடம் காத்திருந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர்களின் முடிவாலேயே அது நடந்தது.

எங்கள் பக்கம் ஹட்டனிலிருந்து பெரி சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் சபைக்குப் போனார்கள். பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். தோட்டத்திலிருந்து எழும்பிவந்த சமூகத்தின் ஆள் நாட்டின் முதல் ஏழு அமைச்சர்களில் ஒருவர் என்பது பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. வேலையில் காயப்பட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்கும் 1934ஆம் வருடச் சட்டம் அவர் அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. பெண்கள் யாரும் 1931 ஜூனில் வெல்லவில்லை. அதே வருடம் நவம்பரில் ருவன்வெல்ல இடைத்தேர்தலில் அடலின் மொலமுரே, 1932இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து. கணவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்துவின் பதவி தேர்தல் வழக்கில் பறிபோனபின் அந்த இடத்துக்கு நின்று வென்றவர் நேசம். சபையில் உட்கார்ந்த முதல் தமிழ்ப் பெண்.

இதோடு நிறுத்தாமல், வசதியிருந்தால் வயதான ஒருவரை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். 1931ஐ நினைவில் வைத்திருப்பவர் யாரும் இனிக் கிடைக்கமாட்டார்கள். ஆனால் அதன் பின்விளைவு உடம்போடு தெரிந்தவர்கள் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் (டிவிஷனிலும்) இருக்கிறார்கள். ஒரு மாணவியின் அப்பாயி வந்தார். இந்த லயத்திலேயே பிறந்தவர், ஐந்து பிள்ளைகளையும் இங்கேயே பெற்றவர். மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் வருடப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும், அவர்களுடைய வாக்கைப் பறித்த 1949ஆம் வருடத் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் அவருடைய அப்பாவின் பெயர் இடாப்பிலிருந்து போனது, பிறகு போட்ட விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. "எனக்கு ஓட்டு வந்தப்ப எம்மூத்த மகனுக்குக் கல்யாண வயசு டீச்சர். அவனுக்கும் எனக்கும் ஒரே நாள்லதான் மொத ஓட்டு. மை வச்ச வெரல ரெண்டு பேரும் காட்டிக்கிட்டு வந்தோம்" என்றார். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் 1988ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு அது. மேசையில் 'இல்லை' என்று எழுதிய பையன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அப்பாயியிடம் அவன் கேட்ட கேள்வி, "அதுக்கு முந்தி தேர்தல் நாள்ல நீங்க என்ன செய்வீங்க?" அவர் சொன்னார், "கொழுந்துக்குப் போவோம்."

வரலாற்றில் இந்த இடம் முக்கியம். 1931இல் யாருக்கு வாக்கு நிறைய இருந்ததோ அவர்கள் ஊருக்குப் பள்ளியும் வைத்தியசாலையும் வீதியும் வந்தன, ஏனென்றால் சபையில் இருப்பவர் அடுத்த தேர்தலில் அந்த ஊருக்குத் திரும்ப வர வேண்டும். கல்வி அமைச்சர் கன்னங்கரவின் இலவசக் கல்வி அதே அரசாங்க சபையில் பிறந்ததுதான். ஆனால் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் முழுதாகப் பொறுப்பேற்க 1970கள் வரை ஆனது. 1947இல் மலையகத் தொகுதிகளில் பலதை வென்ற, தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 1952இல் ஓர் ஆசனமும் இல்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளே இணைத்துக்கொள்வார்கள்.

செய்ய நினைப்பவர்களுக்கு இன்னும் சில. நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் இது முடியாது. இரண்டு பாடவேளை சேர்ந்து வரும் நாளில் இடாப்பை வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியையும் யாழ்ப்பாணத்தையும் வேறு நாளுக்குத் தள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பெட்டி விளையாட்டுத்தான் மனதில் நிற்கும். மேசையில் உட்காரும் பிள்ளையை யோசித்துத் தெரிவு செய்யுங்கள், எல்லாரையும் அதட்டும் பிள்ளை வேண்டாம், விதியை அப்படியே வாசிக்கும் பிள்ளைதான் வேண்டும். அவன் கெட்டவனாகத் தெரிந்தால் பாடம் கெட்டுப்போகும், கோபம் அவன்மேல் போய்விடும். முடிந்தபிறகு அவனை எழுந்து, தனக்கு எப்படி இருந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். அப்பாயிமாரை அழைப்பதற்கு முன் என்ன கேட்கப் போகிறோம் என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடுங்கள், சிலருக்கு, மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்த கதை இருக்கும், வகுப்பு நடுவில் அழவைக்கக் கூடாது. பழைய பத்திரிகை காட்ட வேண்டுமென்றால் நூலகம் இணையத்தளத்தில் ஈழகேசரி இதழ்களைத் தேடுங்கள், 1930இல் தொடங்கிய பத்திரிகை, அந்தக் காலத்து விளம்பரங்களையும் சேர்த்துக் காட்டினால் பிள்ளைகள் விரும்பி வாசிக்கிறார்கள்.

பரீட்சை விஷயமும் இருக்கிறது. 21 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் வாக்குரிமை என்பதுதான் புள்ளி கிடைக்கும் விடை, அதை அப்படியே எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். கட்டுரை வினா வந்தால் அதற்குக் கீழே, இந்திய வம்சாவளியினருக்கு வசிப்பு நிபந்தனைகள் இருந்தன என்று இன்னொரு வரி சேர்க்கச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படிப்பிப்பவர்கள் இதைச் செய்வதானால் எங்கள் அட்டைகளை அப்படியே எடுக்காமல் உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் என்றால் இடாப்பை விரைவாக முடித்துவிட்டு 1931 மே மாதத்து வேட்புமனு நாளில் நிறுத்துங்கள். ஒரு மேசை, ஓர் அதிகாரி, மனுக் கொடுக்கலாமா கூடாதா என்று வெளியே நின்று வாதாடும் பிள்ளைகள். மீனவரின் அட்டை யார் கையில் இருக்கிறதோ அந்தப் பிள்ளையை முதலில் பேசவிடுங்கள்.